பிடரியில் ஒரு வெள்ளைக் கோடு

வருடத்துக்கு நான்கைந்து கடிதமாவது வந்துவிடும். என் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறதோ தெரியாது. விஷயம் ஒன்றே ஒன்றுதான். ‘சோளம் முற்றும் மாதம்’ படத்தில் ஒரு தவறு இருக்கிறதாம். நடனக் காட்சியில் அண்ணன்காரனுக்கு எண்ணெய் தடவி வாரிய நீள முடி, சட்டைக் காலரைத் தொடுகிறது. மறுநாள் காலை பஸ் ஏறும்போது தொப்பிக்குக் கீழே முடியே இல்லை. இதை யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டு எழுதுவார்கள். சிலர் ரொம்ப மரியாதையாக. சிலர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தோடு.

கவனித்தேன், ஐயா. கவனிப்பதுதான் என் வேலை.

என் பெயர் ஐலீன் பர்கெட். படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது எல்லாரும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருப்பீர்களே, அப்போது கன்டினியூட்டி என்ற சொல்லுக்கு எதிரே என் பெயர் போகும். சினிமாவை வரிசையாக எடுப்பதில்லை. கல்யாணத்தை மார்ச்சில் எடுத்து, காதலை மே மாதத்தில் எடுப்போம். சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது, முடி எந்தப் பக்கம் விழுந்தது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எழுதி வைப்பதற்கு ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி நான். முப்பத்தொரு வருடத்தில் நாற்பத்திரண்டு படம். மற்ற நாற்பத்தொன்றிலும் ஒரு தவறைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இதை நான் யாருக்கும் விளக்கியதில்லை. வெர்ன் கேட்டுக்கொண்டதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அவனும் இல்லை. சொல்லலாம்.

வெர்ன் நோவோட்னி எங்கள் இயக்குநர். 1972ல் அவனுக்கு முப்பத்தைந்து வயது, என்னைவிட ஐந்து வயது சின்னவன். அதற்கு முன் எடுத்த இரண்டு படமும் துப்பாக்கிப் படம். இதுதான் அவன் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்த படம் என்று எல்லாருக்கும் தெரியும். 1951 ஆகஸ்ட் மாதம், நெப்ராஸ்காவில் சோளக் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், பதினாலு வயதுப் பையன் ஒருவன். தாய் இல்லாத வீடு. அப்பா முடிவெட்டும் சலூன் வைத்திருக்கிறார், வீடு சலூனுக்கு மேலேயே. பத்தொன்பது வயது அண்ணனைக் கொரியா யுத்தத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு நாள் காலை ஆறு நாற்பது மணி பஸ்ஸில் அண்ணன் போகிறான். தம்பியை எழுப்பக்கூட இல்லை. ஹாரன் சத்தம் கேட்டு விழித்த தம்பி, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மரப்படியில் இறங்கி, வெறுங்காலோடு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி வருகிறான். அண்ணன் பஸ் படியில் கால் வைத்துவிட்டான், முதுகுதான் தெரிகிறது. பையன் திரும்பிச் சலூனைப் பார்க்கிறான். பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, முப்பதடி தூரத்தில் சலூன். கதவில் சுருள்திரை இறக்கியிருக்கிறது. அப்பா வெளியே வரவில்லை.

பிப்ரவரியில் அண்ணனின் சாவுத் தந்தி வருகிறது. படம் அவ்வளவுதான்.

அது வெர்னுடைய கதை. ஊர் அவன் ஊர், ஹோல்பர்ட். அண்ணன் பெயர் ஆல்வின், படத்திலும் அதே பெயர். பதினேழு வயதில் வெர்ன் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டான். அப்பாவுக்கும் அவனுக்கும் இடையில் பதினெட்டு வருடமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைதான், அதிலும் கையெழுத்து மட்டும். முதல் வாரமே எங்களை உட்காரவைத்துச் சொன்னான், “அந்தச் சுருள்திரதான் படம். மத்ததெல்லாம் அதுக்கு வழி. அது சரியா வரலன்னா நாம எதுக்கு இவ்ளோ தூரம் வந்தோம்?”

அப்பா உயிரோடு இருந்தார். எமில் நோவோட்னி, எழுபத்து மூன்று வயது. சலூனை மூடி ஆறு வருடம் ஆகியிருந்தது, மேல்மாடியில் இன்னும் அவர்தான் குடியிருந்தார். கீழே கடையை எங்கள் ஆட்கள் வாடகைக்கு எடுத்து மறுபடி 1951 ஆக்கினார்கள். வெர்ன் நெடுஞ்சாலையோரத்து விடுதியில் எங்களோடு தங்கினான். அப்பாவைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவான். அவரும் தொடுவார். தபால்காரருக்கு அதைவிட நல்ல வரவேற்பு கிடைத்திருக்கும்.

அந்த ஊர்ப் பையன்களை நம்பித்தான் நடனக் காட்சி. செக் வம்சத்தாரின் பொஹீமியன் மண்டபத்தில் நாற்பது ஜோடி, அக்கார்டியன், தட்டு தட்டாகக் கசகசா வைத்த கோலாச்சி ரொட்டி. பெண்களுக்குப் பாட்டிமார்கள் பெட்டியிலிருந்து பாவாடை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பையன்கள்தான் தலைவலி. 1972ல் எந்தப் பையனுக்குத் தோளைத் தொடாத முடி இருந்தது? எங்கள் முடி அலங்காரப் பெண் லாஸ் ஏஞ்சலஸ்காரி. அவளுக்குச் சுருட்டத் தெரியும், அடுக்கத் தெரியும், 1951 மாதிரி மெஷின் ஓட்டத் தெரியாது. யாரோ மாடியைக் காட்டினார்கள். வெர்ன் தோளைக் குலுக்கினான். “கத்தரி இருக்கு, கை இருக்கு. கூப்பிடுங்க.”

வந்த முதல் நாளே கிழவர் நாற்காலியை நகர்த்திவிட்டார். எங்கள் ஆட்கள் மூன்று நாள் யோசித்து வைத்த சலூன் நாற்காலி. நான் அளந்து குறித்து வைத்தது. அதை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, நின்று பார்த்து, இன்னும் நான்கு அங்குலம் தள்ளினார்.

“மிஸ்டர் நோவோட்னி, அத அங்கேர்ந்து எடுக்கக் கூடாது. நேத்து அந்த எடத்துல வச்சுப் படம் புடிச்சாச்சு.”

“நேத்து தப்பா புடிச்சிருக்கீங்கம்மா. அங்க வச்சா காலை வெயில் என் கண்ணுல அடிக்கும். கண்ணுல வெயில் அடிச்சா வாடிக்கைக்காரன் காது போயிடும்.”

“யாரும் இங்க நெசமா முடி வெட்டப் போறதில்ல.”

“பின்ன நாப்பது பேரு வாசல்ல ஏன் நிக்கிறான்?”

அவர் சொன்னதுதான் நடந்தது. நேற்று எடுத்ததை மறுபடி எடுத்தோம். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, அதே நேரம் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. நாற்பது பையன்களையும் இரண்டு நாளில் முடித்தார். ஒவ்வொருவனிடமும் “உங்க தாத்தனுக்கும் சுழி இதே எடத்துலதான்” என்பது மாதிரி ஏதாவது ஒன்று சொல்லுவார். தோள் வரை முடி வைத்துக்கொண்டு முறைத்தபடி உள்ளே போனவன், வெளியே வரும்போது தன் தாத்தா போட்டோவைத் தேடிக்கொண்டு போனான்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். கடிதக்காரர்கள் நினைக்கிற தவறு இல்லை இது.

ஆல்வினாக நடித்தவன் க்ரெய்க் என்ற கலிஃபோர்னியாப் பையன். மூன்று நாள் நடனக் காட்சியில் அவனை எடுத்தாகிவிட்டது. அடுத்து வியாழக்கிழமை பஸ் காட்சி. மூன்று வாரத்தில் முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது, ஓரத்தை அரை அங்குலம் கத்தரித்தால் போதும். புதன் காலை நான் ஒரு சீட்டு எழுதி, அவனிடம் கொடுத்து எமிலிடம் அனுப்பினேன். அரை அங்குலம் என்று எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் நான் எழுதியது இதுதான்: ‘ஆல்வின். பஸ் ஏறும் காலை. தயார் செய்யவும்.’ எங்கள் ஆட்களுக்கு அது போதும். ஏற்கனவே எடுத்த போலராய்டு போட்டோவைப் பார்த்து அதே மாதிரி வைப்பார்கள்.

முக்கால் மணி நேரத்தில் க்ரெய்க் திரும்பி வந்தான். தலையில் முடி இல்லை. பட்டாளத்துக்காரன் மாதிரி மேலே ஒரு விரற்கடை, பக்கவாட்டில் தோல்.

“கிழவர் ஒண்ணும் பேசல ஐலீன்,” என்றான். பையன் முகமே மாறியிருந்தது. “சீட்டப் படிச்சார். ரொம்ப நேரம் கையில வச்சுக்கிட்டே நின்னார். அப்புறம் மெஷினப் போட்டுட்டார். நிறுத்தச் சொல்லணும்னு நெனச்சேன், அவர் மூஞ்சியப் பாத்தா சொல்ல வரல.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மூன்று நாள் நடனத்தில் நீள முடி. கதைப்படி மறுநாள் காலை பஸ். நேரே சலூனுக்குப் போனேன். எமில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப மெதுவாக.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க? அரை அங்குலம் கத்தரிக்க வேண்டிய முடி அது.”

“அப்படிப் போகல அவன்.”

“யாரு?”

“ஆல்வின். நீதான எழுதியிருக்க, பஸ் ஏறுற காலைன்னு. பஸ் ஏறுற காலைல அவன் தல இப்படித்தான் இருந்துச்சு. அஞ்சு மணிக்கு நான்தான் வெட்டிவிட்டேன், இதே நாற்காலியில. பட்டாளத்துல எவனோ ஒருத்தன் ஆடு மயிர் எடுக்கிற மாதிரி எடுப்பான்னு கேள்விப்பட்டிருக்கேன். என் புள்ள தலையில இன்னொருத்தன் கை வைக்க வேணாம்னு நெனச்சேன்.”

மறுபடி கூட்ட ஆரம்பித்தார். கோபத்தோடு போனவள் கோபம் இல்லாமல் வெளியே வந்தேன். அந்தக் காலையைப் பற்றி அறுபத்திரண்டு பக்கம் நான் தட்டச்சு செய்திருக்கிறேன். அதில் ஐந்து மணி என்று ஒரு நேரமே கிடையாது.

வெர்னிடம் சொன்னேன். அவன் மேஜையில் பாதி ரொட்டி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“கத விடுறார்,” என்றான்.

“எதுக்கு விடணும்?”

“ஊரே படம் பாக்கப் போகுது ஐலீன். அப்பன்காரன் கதவத் தொறக்கலன்னு பாக்கப் போகுது. இருவது வருஷம் வாயில கொழுக்கட்ட. இப்ப திடீர்னு அஞ்சு மணிக்கு முடி வெட்டினாராம். யாரு பாத்தா?”

“நீ மாடியில தூங்கிட்டிருந்த.”

“ஆமா. அதான் வசதியாப் போச்சு அவருக்கு.” ரொட்டியைத் தள்ளி வைத்தான். “ஒமாஹாவுலேர்ந்து விக் வரவழைங்க. நாளைக்கு விக் வச்சு எடுக்கிறோம்.”

விக் வந்தது. நல்ல விக். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குள் மேக்கப் பெண் க்ரெய்க்கை உட்காரவைத்து அதை மாட்டத் தயாரானாள். நான் போலராய்டோடு பக்கத்தில் நின்றேன். வானம் மூடியிருந்ததால் வெயிலுக்காகக் காத்திருந்தோம், அவசரம் ஒன்றும் இல்லை.

“இதுக்கு மொதல்ல பவுடர் அடிக்கணும்,” என்றாள் அவள்.

“எதுக்கு?”

“கழுத்தப் பாருங்க.”

பார்த்தேன். மூன்று வாரம் நெப்ராஸ்கா வெயிலில் நின்று க்ரெய்க்கின் கழுத்து செங்கல் நிறமாகியிருந்தது. நேற்று வரை முடி மூடியிருந்த இடம் மட்டும் வெள்ளை. பிடரியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, காதிலிருந்து காது வரை. அன்றைக்கோ முந்தின நாளோ முடி வெட்டிய ஆளுக்குத்தான் அது இருக்கும். ஒரு வாரம் வெயிலில் நின்றால் போய்விடும்.

அதை நான் முன்பே எங்கோ பார்த்திருந்தேன். எங்கே என்று தெரியவில்லை. இந்தத் தொழிலில் அது ஒரு அரிப்பு மாதிரி, சொறிந்தே ஆகவேண்டும். கையிலிருந்த காப்பியை வைத்துவிட்டு எங்கள் ஆபீஸ் அறைக்கு ஓடினேன்.

சுவரில் ஒரு போட்டோ இருந்தது. படத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் அதுதான் ஆதாரம். 1951ல் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எடுத்தது. மூன்று பையன்கள் பஸ்ஸில் ஏறக் காத்திருக்கிறார்கள், நான்காமவன் படியில் கால் வைத்துவிட்டான். தொப்பி, முதுகு. அதுதான் ஆல்வின். வெர்ன் தன் பர்ஸில் இருபது வருடமாக வைத்திருந்த சின்னப் படத்தைக் கொடுக்க, நாங்கள் கதவு அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தோம். பஸ் கதவின் கைப்பிடிக்காக அதைப் பார்த்திருக்கிறேன். பையின் வார் எந்தத் தோளில் என்று பார்த்திருக்கிறேன். வலது பூட்ஸின் குதிகால் தேய்ந்திருப்பதுகூட என் குறிப்பில் இருக்கிறது. நூறு தடவை பார்த்தேன்.

ஒளிப்பதிவாளரின் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றேன். தொப்பிக்குக் கீழே, சட்டைக் காலருக்கு மேலே, கறுத்த கழுத்தில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. போட்டோவில் விழுந்த கீறல் என்று நினைத்துத்தான் அத்தனை நாளும் விட்டிருக்கிறேன். கீறல் நேராக இருக்கும். இது வளைந்து காதைச் சுற்றிக்கொண்டு போனது.

எனக்கு முதலில் வந்தது வெட்கம், பிறகுதான் மற்றதெல்லாம். உலகத்துக்கே கண் நான் என்று திரிந்தவள், கதவளவு படத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை.

வெர்னிடம் போகுமுன் இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் சலூனுக்குப் போனேன். எமில் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே எங்கள் பழைய பஸ் காலியாக நின்றது.

“மிஸ்டர் நோவோட்னி, ஒண்ணு கேக்கட்டுமா?”

“நீ கேக்காமப் போவியா?”

“முடி வெட்டிவிட்டீங்க. சரி. பஸ் வாசல்லயே நின்னுச்சு. ஏன் வெளிய வரல? திரையை ஏன் எறக்கி வச்சிங்க?”

பத்திரிகையை நான்காக மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார்.

“சாமான எடுத்துக்கிட்டு அவன் அந்தப் பக்கம் போயிட்டான். நான் துடைப்பத்த எடுத்தேன். தரையெல்லாம் அவன் முடி. கூட்டணும். ஏழு மணிக்குக் கடை தொறக்கணும், மொத ஆளு வந்து அது மேல மிதிப்பான்.” மடித்த பத்திரிகையை மடியில் வைத்தார். “கூட்ட முடியலம்மா. துடைப்பத்தப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். கதவத் தொறந்தா எவனாவது உள்ள வந்துடுவான். அதான் திரையை எறக்கினேன். ஹாரன் கேட்டுச்சு, பஸ்ஸு போற சத்தம் கேட்டுச்சு. அன்னிக்கிப் பூரா கட தொறக்கல.”

“இத வெர்ன்கிட்ட சொன்னீங்களா?”

“அவன் கேக்கல.”

“நீங்களாச் சொல்லலாமே?”

“மொதல்ல அவன் மொறச்சுக்கிட்டிருந்தான். அப்புறம் தந்தி வந்துடுச்சு. அதுக்கப்புறம் முடி வெட்டின கதைய எங்க சொல்றது?”

எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. அவர் சுத்தமான சலூன் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி பத்திரிகையைப் பிரித்தார்.

வெர்னை அறைக்குக் கூட்டிவந்து கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று விரலால் காட்டினேன். பிறகு க்ரெய்க்கை வரச்சொல்லி, விக் இல்லாமல் திரும்பி நிற்கச் சொன்னேன். வெர்ன் போட்டோவைப் பார்த்தான், க்ரெய்க்கின் கழுத்தைப் பார்த்தான், மறுபடி போட்டோவைப் பார்த்தான். க்ரெய்க்கை அனுப்பிவிட்டு, தரையில் கிடந்த முடி, துடைப்பம் கதையையும் அவர் சொன்னபடியே சொன்னேன்.

“இது இருவது வருஷமா என் பாக்கெட்டுல இருக்கு,” என்றான் கடைசியில்.

“இப்ப என்ன பண்றது? சலூன் சீன எழுது. அஞ்சு மணி, நாற்காலி, மெஷின். பிரமாதமா வரும்,” என்றேன்.

“வராது.” நாற்காலியில் உட்கார்ந்தான். “படம் முழுக்க அந்தப் பையன் பாத்ததுதான் ஐலீன். அவன் இல்லாத ஒரு ஷாட்டுகூட இதுல கெடையாது. அவன் தூங்கிட்டிருந்தான். அவனுக்குத் தெரியாதத நான் எப்படிக் காட்டுறது?”

“அப்ப விக்கை மாட்டி, உங்கப்பா மேல பழியப் போட்டு எடுக்கப் போறியா? தெரிஞ்சப்புறமும்?”

பூதக்கண்ணாடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். வெளியே வெயில் வந்துவிட்டது. யாரோ கதவைத் தட்டி அதைச் சொன்னார்கள். அவன் எழுந்தான்.

“விக் வேணாம். பவுடரும் வேணாம். அண்ணன் படியேறும்போது பையன் அந்தக் கோட்டப் பாக்குறான். அவனுக்கு அது என்னன்னு புரியல. பாக்குறான், அவ்ளோதான். அப்புறம் திரும்பித் திரையப் பாக்குறான். எனக்கு நடந்தது அதுதான். பாத்தேன், புரியல.”

“முந்தின சீன்ல நீள முடி இருக்கு வெர்ன்.”

“இருக்கட்டும்.”

“பாக்குறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. கன்டினியூட்டி தப்புன்னுதான் நெனப்பாங்க. என் பேரு கெட்டுப்போகும்.”

“ஆமா,” என்றான். “ஒரு ஆளுக்குப் புரியும்.”

நான் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. கால் மணி நேரம் சண்டை போட்டேன். நடனத்தை மறுபடி எடு என்றேன், வசனத்தில் ஒரு வரி சேர் என்றேன். பொஹீமியன் மண்டபத்தில் சனிக்கிழமை ஒரு கல்யாணம், கிடைக்காது. வசனத்துக்கு அவன் மாட்டேன் என்றான். கடைசியில் அந்த நாளின் குறிப்பில் ‘முடி: முந்தின காட்சியோடு ஒத்துப்போகவில்லை, இயக்குநர் விருப்பம்’ என்று எழுதினேன். பிறகு கடைசி இரண்டு சொல்லையும் நானே கோடு போட்டு அடித்துவிட்டேன். அவனுக்கு விளக்கம் சொல்ல விருப்பம் இல்லை என்றால் எனக்கும் வேண்டாம்.

பத்தரை மணிக்கு எடுத்தோம். பையன் வெறுங்காலோடு ஓடி வந்து நின்றான். கேமரா அவன் கண் உயரத்தில். ஆல்வினின் கழுத்து நான்கு வினாடி. பிறகு சலூன், சுருள்திரை. திரைக்குப் பின்னால் யாரும் இருக்க வேண்டியதில்லை, கேமராவுக்குத் தெரியாது. ஆனால் எமில் அன்று உள்ளேதான் இருந்தார், வெளியே வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. மூன்று தடவை எடுத்தோம். மூன்று தடவையும் பஸ் ஹாரன் அடித்தது.

வெர்ன் உள்ளே போவான் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. கதவு வரை போய்ச் சுருள்திரையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த காட்சிக்குப் போய்விட்டான். இரண்டு பேருமே கழுதைப் பிடிவாதம். இரண்டு மண்டையையும் பிடித்து மோதவிட வேண்டும் போல இருந்தது.

அடுத்த ஏப்ரலில் படம் முடிந்ததும் முதல் காட்சி ஹோல்பர்ட்டில்தான் என்று வெர்ன் பிடிவாதமாக நின்றான். ஊரில் இருக்கும் ஒரே தியேட்டர். ஞாயிறு மதியம் இரண்டு மணி, எல்லாரும் சர்ச்சிலிருந்து அப்படியே வந்தார்கள். நாற்பது பையன்களுக்கும் முடி மறுபடி தோளுக்கு வந்திருந்தது. தங்களைத் திரையில் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

எமில் கடைசி வரிசைக்கு வந்தார். கறுப்பு கோட்டு, தொப்பி மடியில். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, உட்கார்ந்தார். வெர்ன் ஆறு வரிசை முன்னால், ஓரமாக. பக்கத்து இருக்கையில் அவன் கோட்டு மட்டும் கிடந்தது.

நடனம் வந்தது. சனம் சிரித்தது. க்ரெய்க்கின் நீள முடி விளக்கில் மின்னியது. எமில் அசையவில்லை. பிறகு அந்தக் காலை. ஹாரன், மரப்படி, ஓட்டம்.

கழுத்து வந்தது. தியேட்டர் அளவுக்குப் பெரிய கழுத்து. எனக்கு முன் வரிசையில் ஒரு பெண் தன் கணவனிடம், “ஏங்க, நேத்து இவனுக்கு முடி இருந்துச்சே?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்த ஒரு கேள்வியை இனி வாழ்நாள் முழுக்கக் கேட்கப்போகிறேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இடப்பக்கம் கொஞ்சம் மேல ஏறிடுச்சு,” என்றார் எமில், முணுமுணுப்பாக. “கை நடுங்கிடுச்சு அன்னிக்கி.” எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

திரையில் பையன் திரும்பிச் சலூனைப் பார்த்தான். எமில் என் பக்கம் சாய்ந்தார்.

“அந்தக் கோட்ட அவன் பாத்தானா?”

“பாத்தான். புரியல அவனுக்கு. இப்ப புரிஞ்சிருக்கு.”

அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். திரையில் பஸ் போய்விட்டது, பையன் புழுதியில் நின்றான். அண்ணன் என்னை எழுப்பக்கூட இல்லையே என்று அவன் மனதுக்குள் சொல்லும் குரல் வந்தது. வெர்ன் எழுதிய வரி.

“ஆல்வின் மாடிப்படி வரைக்கும் போனான்,” என்றார் எமில். “தம்பிய எழுப்பிட்டுப் போறேன்பான்னான். ஒரு கால் படியில வச்சிட்டான். நாந்தான் வேணாம்னேன். சின்னப் புள்ள, தூங்கட்டும், எதுக்கு அவனையும் அழ வைக்கணும்னேன். நாந்தான் சொன்னேன்.”

குரலை அடக்கிக்கொண்டு அவரைத் திட்டினேன்.

“இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? எனக்கென்ன தெரியணும்? ஆறு வரிசை முன்னாடி உக்காந்திருக்கான் பாருங்க. அவன்கிட்ட சொல்லுங்க.”

“படம் ஓடுதே.”

“ஓடட்டும்.”

அவர் எழுந்தார். இருட்டில் இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். வெர்னின் வரிசையில் நின்றார். வெர்ன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு பக்கத்து இருக்கையில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று உயிர் துடித்தது, ஆனால் கேட்கவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. எமில் ரொம்ப நேரம் காதோடு ஏதோ சொன்னார். வெர்னின் தலை மெல்லக் குனிந்தது, குனிந்தபடியே இருந்தது. முடி வெட்ட உட்கார்ந்தவனுடைய தலையைப் பிடிப்பது மாதிரி, கிழவர் தன் கையை அவன் பிடரியில் வைத்தார். எடுக்கவில்லை.

படம் முடிய இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. அதை அவர்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.